இழுப்பு நின்னாலும் பம்பை நிறுத்தாதே, தங்கச்சி!

இழுப்பு வந்தா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடுறோம். நின்னதும் பம்பை, அதாவது இன்ஹேலரை, பரண்ல போட்டுட்டு மறந்துடுறோம். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துல வீசிங் பிள்ளையை வச்சிருக்கிற தாய்மார்கிட்ட நான் ஓயாம பார்க்கிற தப்பு இது. உனக்கு நேரமில்லைன்னு தெரியும். விடிஞ்சா சோறாக்கணும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பணும், களையெடுப்புக்கோ நூறு நாள் வேலைக்கோ ஓடணும். அதனால உனக்கு வேணுங்கிறதை மட்டும் சொல்றேன். அடுப்புல உலை கொதிக்கிற நேரத்துல படிச்சுடு.

நம்ம ஊர் காத்தும் கொஞ்சம் பொல்லாதது. அரியலூர் மண் ஒரு காலத்துல கடலுக்கு அடியில கிடந்தது. அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித்தான் இத்தனை சிமெண்ட் ஆலை ஓடுது, ரோட்ல இத்தனை லாரி போகுது. பெரம்பலூர் பக்கம் கல்குவாரி, கிரஷர், அறுவடை சமயத்துல மக்காச்சோளம் அடிக்கிற மிஷின் தூசி, அப்புறம் பருத்திமார் எரிக்கிற புகை. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனா முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை. தூசியால மட்டும் ஆஸ்துமா வந்துடாது. வம்சத்துல இருக்கிறது, அலர்ஜி உடம்பு, இன்னும் பல காரணம் உண்டு. ஆனா ஏற்கனவே மூச்சுக்குழாய் வீங்கிக் கிடக்கிற பிள்ளைக்கு இந்தத் தூசியும் புகையும் சும்மா இருக்க விடாது. ஊரை மாத்த உன்னால முடியாது. வீட்டுக்குள்ள செய்யக்கூடியது நிறைய இருக்கு.

1. நோய்க்கு என்ன பேருன்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கு.

'சளி', 'நெஞ்சு சளி', 'மாந்தம்'னு சொல்லியே வருஷக்கணக்கா ஓட்டாதே. காய்ச்சல் இல்லாம ராத்திரியில, விடியக்காலையில மட்டும் இருமுற பிள்ளை, ஓடினா இருமுற பிள்ளை, மாசாமாசம் சளி பிடிச்சு நெஞ்சு கீச்சுகீச்சுன்னு கத்துற பிள்ளை, இவங்களுக்கு ஆஸ்துமாவான்னு பார்க்கணும். இருமல் மட்டும் இருந்து இழுப்புச் சத்தம் கேக்காமலேகூட ஆஸ்துமா இருக்கும்.

நம்ம பக்கத்துல இன்னொரு பேரு உண்டு, 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்'. அடிக்கடி சளி பிடிக்குது, எடை ஏறலைன்னு சொன்னதுமே ஆறு மாசம் காசநோய் மருந்து கொடுத்த பிள்ளைங்க எத்தனையோ. நிஜமாவே காசநோய் இருந்தா மருந்தை ஒரு நாள்கூட விடக் கூடாது. ஆனா, "எந்தப் பரிசோதனையை வச்சுச் சொல்றீங்க டாக்டர்?"னு கேக்கறதுல தப்பே இல்லை. வீட்ல யாருக்காவது காசநோய் இருந்ததா, ரெண்டு வாரத்துக்கு மேல விடாத இருமலா, எடை குறையுதான்னு அவங்களும் கேக்கணும், நீயும் மறைக்காம சொல்லணும்.

அஞ்சு வயசுக்குள்ள வர்ற வீசிங் பாதிக்கு மேல வைரஸ் சளியால வர்றது. வளர வளரப் போயிடும். "பெரிசானா சரியாயிடும்"னு உன் மாமியார் சொல்றது அந்த அளவுக்கு உண்மை. ஆனா தோல்ல கரப்பான் இருக்கிற பிள்ளை, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆஸ்துமா இருக்கிற பிள்ளைன்னா அந்த வார்த்தையை நம்பி உட்காராதே.

2. நல்லா விளையாடிக்கிட்டு இருந்த பிள்ளைக்கு திடீர்னு இழுப்பா? வாயில என்ன போட்டுச்சுன்னு பாரு.

நிலக்கடலை, மக்காச்சோளம், புளியங்கொட்டை இல்லாத வீடு நம்ம ஊர்ல ஏது? சின்னப் பிள்ளை தின்னுக்கிட்டே புரையேறி, அதுக்கப்புறம் இருமலும் இழுப்பும் வந்தா, கொட்டை மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கலாம். பம்ப் அதை எடுக்காது. நேரா பெரிய ஆஸ்பத்திரி. ரெண்டு நாள்ல இருமல் அடங்கிட்டாலும் போய்க் காட்டு, புரையேறினதை மறக்காம சொல்லு.

3. வீட்ல ரெண்டு பம்ப் இருந்தா, எது எதுக்குன்னு பேர் ஒட்டு.

இதை மட்டும் நிதானமாப் படி. ஆஸ்துமா பிள்ளையோட மூச்சுக்குழாய் உள்பக்கம் வீங்கி, சளி கோத்து, சுத்தி இருக்கிற தசையும் இறுகிக் கிடக்கும். அவசரத்துக்கு அடிக்கிற சால்பியூட்டமால் பம்ப் அந்த இறுக்கத்தைச் சில நிமிஷத்துல தளர்த்தும். நாலு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைக்கிறது பியூடசோனைடு மாதிரி தினசரி பம்ப். அது மெதுவா, வாரக்கணக்குல வேலை செய்யும். வாய்க்கால்ல வண்டல் அடைச்சுக் கிடக்கும்போது மதகை மட்டும் தூக்கினா கொஞ்ச நேரம் தண்ணி பாயும். வண்டலை வாரினாத்தான் கடைமடைக்குப் போகும்.

தினசரி பம்பை அடிச்சதும் ஒண்ணும் தெரியாது. அதனாலதான் "இதுல ஒண்ணும் குணமில்லை"ன்னு தூக்கிப் போடுறே. சால்பியூட்டமால் அடிச்சதும் பிள்ளை சிரிக்குது, அதையே ராசியான மருந்துன்னு வச்சுக்கிறே. அங்கதான் ஆபத்து. உலகத்துல ஆஸ்துமா இருக்கிறவங்கள்ல நம்ம நாட்டுக்காரங்க நூத்துக்கு 13 பேர்தான். ஆனா ஆஸ்துமாவால செத்துப்போறவங்கள்ல நூத்துக்கு 40 பேருக்கு மேல நம்ம நாட்ல. 2019-ஆம் வருஷத்து உலக நோய்ச்சுமைக் கணக்கு இப்படிச் சொல்லுது. வீக்கத்துக்கான மருந்தைத் தினமும் எடுக்காததும், மூச்சு முட்டின பிறகு தாமதமா ஓடுறதும் அதுல பெரிய காரணங்கள். தடுக்கக்கூடிய சாவு இது.

நிறத்தை நம்பாதே. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். டாக்டர்கிட்ட கேட்டு, ஒண்ணுல 'தினம்', இன்னொண்ணுல 'அவசரம்'னு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி எழுதிடு. நீ வயலுக்குப் போயிருக்கும்போது பாட்டியே எடுத்துக் கொடுக்கலாம்.

4. "பம்ப் அடிச்சா பழக்கமாயிடும், ஸ்டீராய்டு, கிட்னி போயிடும்." இந்தப் பேச்சை இன்னியோட விடு.

பழக்கமாகாது. கணக்கு சொல்றேன் பாரு. சால்பியூட்டமால் சிரப்ல 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் மருந்து. பம்ப்ல ஒரு தடவை அமுக்கினா 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு சின்ன ஸ்பூன் சிரப், இருபது பம்புக்குச் சமம். சிரப் வயித்துக்குப் போய், ரத்தத்துல கலந்து, உடம்பு பூரா சுத்திட்டுத்தான் நுரையீரலுக்கு வரும். அதனாலதான் சிரப் குடிச்ச பிள்ளைக்குக் கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது, தூக்கம் வரலை. பம்ப் மருந்து நேரா போக வேண்டிய இடத்துக்குப் போகுது. 'பம்ப்தான் பெரிய மருந்து, சிரப் சின்ன மருந்து'ன்னு நீ தலைகீழா நினைச்சுக்கிட்டு இருக்கே.

ஸ்டீராய்டு பம்பால உயரத்துல ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரலாம். அதை உன்கிட்ட மறைக்க மாட்டேன். ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவை இழுத்துக்கிட்டு, ராத்திரி தூங்காம, சோறு தின்னாம, ஊசியும் ஸ்டீராய்டு மாத்திரையுமா வளர்ற பிள்ளை எங்கே வளரும்? ஸ்டீராய்டு பம்ப் அடிச்சதும் வாயைக் கொப்புளிச்சுத் துப்பச் சொல்லு. கைக்குழந்தைன்னா ஈரத்துணியால வாயையும் முகத்தையும் துடை. வாய்ல வெள்ளை படியாது. பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி பம்ப்னு வச்சுக்கிட்டா மறக்கவும் மறக்காது, கொப்புளிக்கிற வேலையும் சேர்ந்து முடிஞ்சுடும்.

5. ஸ்பேசர் இல்லாம சின்னப் பிள்ளைக்குப் பம்ப் அடிக்காதே.

ஸ்பேசர்ங்கிறது பம்புக்கும் வாய்க்கும் நடுவுல வைக்கிற பிளாஸ்டிக் குழல். அது இல்லாம நேரா வாய்ல அடிச்சா மருந்து தொண்டையிலதான் ஒட்டும். நாலு வயசுக்குள்ளன்னா ஸ்பேசரோட மாஸ்க் வேணும், அதுக்கு மேல வாய்ல கவ்வுற மாதிரி இருந்தா போதும். செய்யற விதம்:

• பம்பை நல்லாக் குலுக்கி ஸ்பேசர்ல செருகு. பிள்ளையை நிமிர்ந்து உட்கார வை.
• மாஸ்க் மூக்கு, வாய் ரெண்டையும் இடைவெளி இல்லாம மூடணும். கன்னத்தோரம் சந்து இருந்தா மருந்து வீணு.
• ஒரே ஒரு அமுக்கு. அஞ்சாறு தடவை மூச்சு விடட்டும். ஸ்பேசர் வால்வு அசையறதைப் பார்த்து எண்ணு.
• அரை நிமிஷம் விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்த அமுக்கு. ரெண்டையும் சேர்த்து அமுக்கி நேரத்தை மிச்சம் பண்றேன்னு நினைக்காதே.
• கத்தி அழுதா மருந்து உள்ளே போகாது. வாயைப் பொத்தி மல்லுக்கட்டாம, முதல்ல பொம்மைக்கு மாஸ்க் வச்சு விளையாட்டு காட்டு.

ஸ்பேசரை வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணியில ஊறவச்சு எடுத்து, அப்படியே காய விடு. துணியால தேய்ச்சுத் துடைச்சா பிளாஸ்டிக்ல மின்சாரம் ஏறி, மருந்து சுவர்லயே ஒட்டிக்கும். பம்ப்ல பெரும்பாலும் 200 அமுக்கு இருக்கும். காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டுன்னா 50 நாள். ஆரம்பிச்ச தேதியை மேலேயே எழுது. குலுக்கிப் பார்த்து "இன்னும் இருக்கு"ன்னு சொல்லாதே, மருந்து தீர்ந்த பிறகும் காத்து வரும், சத்தமும் வரும்.

கேப்ஸ்யூலைப் போட்டுத் திருகி இழுக்கிற ரோட்டாஹேலர், பலமா உறிஞ்சத் தெரிஞ்ச பெரிய பிள்ளைக்குத்தான். அந்தக் கேப்ஸ்யூலை மாத்திரைன்னு நினைச்சுத் தண்ணி ஊத்தி முழுங்க வைக்கிற வீடு இன்னும் இருக்கு. பாட்டிக்கும் சொல்லி வை.

6. ஸ்பேசர் கையில இல்லையா? தண்ணி பாட்டில் போதும்.

தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன் நகரத்துக் குழந்தை மருத்துவர்கள் 1999-இல் இதைச் சோதிச்சுப் பார்த்து, அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் கடை ஸ்பேசர் அளவுக்கே நல்லா வேலை செய்யுதுன்னு கண்டாங்க. பாட்டிலை சோப்புப் போட்டுக் கழுவிக் காய வை. அடிப்பக்கத்துல பம்போட வாய் இறுக்கமா நுழையற அளவுக்குக் காய்ச்சின கம்பியால ஓட்டை போடு. ஓரத்துல சந்து இருந்தா பிளாஸ்திரி சுத்து. பிள்ளை பாட்டிலோட வாயைக் கவ்விக்கிட்டு மூச்சு விடணும். ஊருக்குப் போற இடத்துல, திருவிழாவுல, நடு ராத்திரியில இது உயிர் காக்கும். தினசரிக்கு நல்ல ஸ்பேசர் ஒண்ணு வாங்கிடு.

7. இழுப்பு வந்துடுச்சா? பதறாதே. வரிசையா செய்.

நிமிர்ந்து உட்கார வை, படுக்க வைக்காதே. சட்டைப் பொத்தானைத் தளர்த்து. சுத்தி நிக்கிற சனத்தை விலகச் சொல்லு. ஸ்பேசர் வச்சு 'அவசரம்' பம்பை, டாக்டர் எழுதிக் கொடுத்த எண்ணிக்கைக்கு, ஒவ்வொண்ணா கொடு. 20 நிமிஷம் பாரு. குறையலைன்னா மறுபடி கொடுத்துட்டுக் கிளம்பு, வழியிலேயும் கொடு. எத்தனை அமுக்கு, எத்தனை தடவைன்னு முன்னாடியே எழுதி வாங்கி, அடுப்படிக் கதவுல ஒட்டி வச்சிருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கு ஞாபகம் வரும்?

கீழே சொல்றதுல ஒண்ணு இருந்தாலும் 20 நிமிஷம் காத்திருக்காதே, உடனே 108:

• மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவுல, கழுத்துக்குழியில, நெஞ்சுக்குக் கீழே குழி விழுது. மூக்குத் துவாரம் விரியுது.
• ஒரு வரி பேசக்கூட முடியலை. கைக்குழந்தைன்னா பால் குடிக்க முடியலை.
• உதடு, நாக்கு நீலம் பாயுது.
• பிள்ளை சோர்ந்து, கண் சொருகுது.
• இழுப்புச் சத்தம் நின்னுடுச்சு, ஆனா பிள்ளை தெளியலை.

கடைசியா சொன்னதை ரெண்டு தடவை படி. சத்தம் நின்னதும் "அப்பாடா, அடங்கிடுச்சு"ன்னு படுக்க வைக்கிற வீடு இருக்கு. காத்து போக வழியே இல்லைன்னா சத்தம் எங்கிருந்து வரும்?

மூச்சை எண்ணவும் தெரிஞ்சுக்க. பிள்ளை அழாம இருக்கும்போது, சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிஷம். ஒரு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40-ஐ எட்டினாலே அது வேக மூச்சு. ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ளன்னா 50.

108 இலவசம். கூப்பிடும்போது ஊர் பேரோட நிறுத்தாம கோயில், ரேஷன் கடை, தண்ணி டேங்க்னு அடையாளம் சொல்லு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல நெபுலைசர் (மருந்தைப் புகை மாதிரி வைக்கிற மிஷின்) இருக்கா, ராத்திரி யார் இருப்பாங்கன்னு பகல்ல போய்க் கேட்டு வச்சுக்க. ஸ்பேசர் வச்சு முறையா பம்ப் கொடுத்தா, சாதாரண இழுப்புக்கு அது நெபுலைசருக்குக் குறைஞ்சதில்லை. "புகை வச்சாத்தான் கேக்கும்"னு பம்பைக் கொடுக்காம பஸ்சுக்குக் காத்து நிக்காதே.

8. இதெல்லாம் செய்யவே செய்யாதே.

• குளிப்பாட்டினதும் சாம்பிராணி. நல்ல மணம்தான், நான் மறுக்கலை. வீசிங் பிள்ளைக்கு அது புகை, அவ்வளவுதான். தலையைத் துண்டால துவட்டினா போதும்.
• மூக்குல, தொண்டையில எண்ணெய் விடுறது. நுரையீரலுக்குப் போனா எண்ணெய் நிமோனியா.
• தொக்கம் எடுக்கிறது. பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது அங்கே வரிசையில நிக்கிற நேரம், ஆஸ்பத்திரியில இருக்க வேண்டிய நேரம்.
• கைக்குழந்தை நெஞ்சுல கற்பூரம் கலந்த எண்ணெய். கற்பூரம் உடம்புக்குள்ள ஏறினா வலிப்பு வரும்.
• கொதிக்கிற தண்ணியில ஆவி. ஆஸ்துமாவுக்குப் பிரயோஜனமில்லை, கொட்டிக்கிட்டு வெந்துபோற பிள்ளைங்கதான் அதிகம்.
• ஜூன் மாசம் ஹைதராபாத் போய் உயிர் மீன் முழுங்க வைக்கிறது. குணமாகுதுன்னு நிரூபணம் இல்லை. அந்த ரயில் செலவுல நல்ல ஸ்பேசர் வாங்கலாம்.
• மெடிக்கல் கடையில சொல்லி இருமல் சிரப், 'ரெண்டு ஊசி'. தூங்கினா குணமாயிடுச்சுன்னு அர்த்தமில்லை.

9. வீடு.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த முடியாது. முதல்ல புகை. ஒரு கொசுவத்திச் சுருள் எரிஞ்சு முடிஞ்சா, 75-லிருந்து 137 சிகரெட் எரிஞ்ச அளவுக்கு நுண்துகள் வரும்னு 2003-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கதவைச் சாத்திக்கிட்டு அதைப் பிள்ளை தலைமாட்டுல வைக்கிறே. சுருளை நிறுத்து, வலை கட்டு. விறகடுப்பு எரியும்போது பிள்ளையை இடுப்புல வச்சுக்காதே. வெந்நீர் அடுப்பையாவது வாசலுக்குத் தள்ளு. மிளகாய் வறுக்கிற நாளும் பிள்ளை வீட்ல இல்லாத நாளா இருக்கட்டும். வீட்டுக்காரர் திண்ணையில பீடி குடிச்சாலும் அந்தப் புகை அவர் சட்டையோட உள்ளே வரும். ஆலையில, குவாரியில, லாரியில வேலைன்னா, குளிச்சுச் சட்டை மாத்தினப்புறம் பிள்ளையைத் தூக்கச் சொல்லு. சண்டை போட்டாலும் பரவாயில்லை, சொல்லு.

அடுத்தது தூசி. பெருக்கறதைப் பிள்ளை பள்ளிக்கூடம் போனப்புறம் வச்சுக்க, இல்லன்னா ஈரத்துணி போட்டுத் துடை. இலவம்பஞ்சுத் தலையணையை, பாயை வெயில்ல போட்டுத் தட்டு, ஆனா தட்டுறது பிள்ளை இல்லாத இடத்துல. போர்வையை வாரம் ஒரு தடவை வெந்நீர்ல அலசு. மக்காச்சோள மூட்டை, பருத்திப் பொதி, கோழிக்கூடை எதுவும் பிள்ளை படுக்கிற அறையில வேண்டாம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற, பரண் இறக்குற நாள்ல பிள்ளையை அத்தை வீட்டுக்கு அனுப்பிடு. போகியும் தீபாவளியும் வர்றதுக்கு முந்தின வாரமே தினசரி பம்ப் தீராம இருக்கான்னு பாரு. பைக்ல போகும்போது பிள்ளையை டேங்க் மேல உட்கார வச்சு சுண்ணாம்புக்கல் லாரி பின்னாடியே போகாதே. ஒதுங்கி விட்டுட்டுப் போ.

10. வாழைப்பழம், தயிர், முட்டை, ஆரஞ்சு எல்லாம் கொடு.

'குளிர்ச்சி'ன்னு எல்லாத்தையும் நிறுத்திப் பிள்ளையை எலும்பாக்காதே. ஒரு சாப்பாடு ஒவ்வொரு தடவையும் சேரலைன்னு கண்ணால பார்த்தா மட்டும், அதை மட்டும், டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்து.

11. பள்ளிக்கூடத்துல மறைக்காதே.

"பொண்ணு பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆகணும், யாருக்கும் தெரியக் கூடாது"ன்னு பம்பை வீட்லயே பூட்டி வைக்கிற தாய் இருக்கா. மூச்சு முட்டுறது வகுப்புலன்னா அந்த மறைப்பு என்னத்துக்கு ஆகும்? அவசர பம்பும் ஸ்பேசரும் புத்தகப் பையில இருக்கணும். கிளாஸ் டீச்சர்கிட்ட நீயே போய்ப் போட்டுக் காட்டு. கரும்பலகையை ஒட்டின பெஞ்ச் வேண்டாம்னு சொல்லு. விளையாட்டை நிறுத்தச் சொல்லாதே. ஓடினா இழுக்குதுன்னா, மருந்து பத்தலைன்னு அர்த்தம். டாக்டர்கிட்ட கேட்டா, விளையாடறதுக்கு முன்னாடி எடுக்க வேண்டியதைச் சொல்லுவார்.

12. காலண்டர்ல கோடு போடு.

இருமி எழுந்த ராத்திரிக்கு ஒரு கோடு, அவசர பம்ப் எடுத்த நாளுக்கு ஒரு வட்டம். பேனாவை ஆணியிலேயே கட்டித் தொங்க விடு. வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல வட்டம் வந்தாலோ, ராத்திரிக் கோடு ஒண்ணு விழுந்தாலோ, ஆஸ்துமா கட்டுக்குள்ள இல்லை. அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம போ. மூணு மாசம் கோடும் வட்டமும் இல்லாம ஓடினா, அளவைக் குறைக்கலாமான்னு டாக்டரே பார்ப்பார். குறைக்கிறதும் நிறுத்துறதும் அவர் வேலை, உன் வேலை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சீட்டோட ரெண்டு பம்ப், ஸ்பேசர், அந்தக் காலண்டர் எல்லாத்தையும் ஒரே மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டுப் போ. டாக்டர் முன்னாடி நீயே பிள்ளைக்கு ஒரு தடவை பம்ப் அடிச்சுக் காட்டி, "சரியா செய்றேனா பாருங்க"ன்னு கேளு. எத்தனை கூட்டம் நின்னாலும் கேக்காம எழுந்து வராதே.